சாந்திக்குப் போட்ட கல்

"அபிராமத்துல கண்மாயே வருசத்துல பாதி நாள் காஞ்சு கெடக்கும். அங்கன இருந்து வந்த புள்ள கடல்ல படகைக் காப்பாத்தப் போகுதாக்கும்?"

நேர்காணலுக்குப் போன அன்று கேப்டன் சாகுல் ஹமீது கேட்டது இது. என்னிடம் கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. தன் டீ கிளாஸைப் பார்த்துக் கேட்டார்.

"காஞ்ச கண்மாயைப் பாத்து வளந்தவளுக்குத்தான் சார் தண்ணியோட அருமை தெரியும்" என்றேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கித் தந்த வாக்கியம் அது. பாலிடெக்னிக் சேரும்போது ஒருமுறை, ஹாஸ்டல் கேட்கும்போது ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறேன். எங்கே போட்டாலும் பொருந்தும். கேப்டன் டீயை உறிஞ்சிவிட்டு, "வாய் கெடல" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வயது முப்பத்திரண்டு. சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கலாம். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், வடை கொடுத்தார்கள். இதற்குப் பெயர் ஓய்வு இல்லையென்றால் வேறென்ன? எங்கள் பாய்மரப் படகு கிளப்பில் புதிதாகக் கிரேன் வந்திருக்கிறது. இனி ஐப்பசி பிறந்ததும் படகுகள் எல்லாம் கரையேறித் தாங்கிகளில் உட்கார்ந்துகொள்ளும். வாடைக்காலம் முழுக்கப் படகைத் தண்ணீரிலேயே வைத்துக் காப்பதுதான் என் வேலை. அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து விருந்தினருக்கு இளநீர் கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். "அக்கா, தண்ணியில எப்படிக் காப்பாத்துனீங்கன்னாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த முதல் ஆள் நான். பத்து வரை படித்த முதல் ஆளும் நான்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். கடலில் நீந்தக் கற்பதற்குள் ஒரு உப்பளத்துக்குத் தேவையான தண்ணீரைக் குடித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிளப் இருக்கும் எங்கள் தீவுக்குக் குளிர்காலம் கிடையாது, வாடைக்காலம் உண்டு. ஐப்பசியில் வடக்கிலிருந்து காற்று கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கு எல்லாம் தலைகீழ். மீனவர்கள் காற்றைப் பார்த்து வள்ளங்களை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றிக் கட்டுவார்கள். அக்காள்மடத்துப் பக்கம் வடகரையில் இருக்கும் எங்கள் கிளப்பும், படகுகள் கடக்க ரயில் பாலம் திறக்கும் நாள் பார்த்து, படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

நான் சேர்ந்தபோது நீரில் விட்டுக் காக்கவேண்டிய பெரிய படகு ஒன்றுதான். பெயர் சாந்தி. கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர், கொச்சிக்கு வந்த வெள்ளைக்காரரிடம் வாங்கி, மனைவியின் பெயரை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு தடவை வருவார், படகில் ஏறுவார், வாந்தி எடுப்பார், இறங்குவார். மற்ற நாட்களில் போனில் கேட்பார். "சாந்தி எப்படியிருக்கா?" "உள்ள கொஞ்சம் தண்ணி ஏறியிருக்கு சார். இறைச்சு விட்டுட்டேன்." "அடியில?" "கொட்டலசுச் சிப்பி நிறைய ஒட்டியிருக்கு சார், நாளைக்குச் சுரண்டணும்." இதையெல்லாம் அவர் கிளினிக்கில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாராம். வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மீன்பிடி வள்ளத்தைப் போலச் சாந்தியை மணலில் இழுத்துப்போட முடியாது. அவளுக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கட்டை தொங்குகிறது. காற்றில் படகு கவிழாமல் நிற்பது அதனால்தான். கரையேற்றினால் குடிகாரன் மாதிரி ஒருக்களித்துப் படுத்துவிடுவாள். கிரேன் இல்லாத அந்தக் காலத்தில் தண்ணீரே கதி.

கேப்டனைப் பற்றிச் சொல்லவேண்டும். துபாய்க் கப்பலில் இருபது வருடம் இருந்தவர், கீழக்கரைக்காரர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், கையில் டீ. பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர் தொடும் இடத்தில் போட்டு உட்கார்ந்து அங்கிருந்தே எல்லாவற்றையும் சோதிப்பார். கயிற்றைத் தொடமாட்டார். என்னைக் கொண்டுவரச் சொல்லி, முடிச்சை மூக்குக்கு அருகே வைத்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் "கெடல." நன்றாக இல்லாவிட்டால் "மாஷா அல்லாஹ்." அந்த மாஷா அல்லாஹ்வைக் கேட்டால் முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும். அவர் கப்பலில் கேப்டனாக இருந்ததில்லை, சமையல்காரராக இருந்தார் என்பது ஒரு பக்ரீத் அன்று அவர் போட்ட பிரியாணியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த பிரியாணி கிடைக்காது.

முதல் வருடம் ஐப்பசியில், சாந்தியோடு வந்த வெளிநாட்டுக் கையேட்டை அவர் தன் போனில் போட்டுத் தமிழாக்கிக்கொண்டு வந்தார். எங்களையெல்லாம் நிற்கவைத்து வாசித்தார். "பருவம் முழுக்கப் படகைப் பனியிலிருந்து பாதுகாக்க வேண்டும். படகைச் சுற்றித் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி விடவேண்டும்."

"எதுக்கு சார் குமிழி?" என்றேன்.

"மார்கழிப் பனி சும்மாவா? மனுசனுக்கே மூக்கு அடைக்குது."

"சார், அது நம்ம ஊர்ப் பனி இல்ல. ஐஸ். அங்கன தண்ணியே கட்டியாயிரும். அதுக்காகத்தான் குமிழி விடுறாங்க."

"ஐஸ்னா ஐஸ்னு போடவேண்டியதுதானே? பனின்னு ஏன் போடுறான்? கையேடு எழுதுனவன் முட்டாளா, படிச்ச நீ முட்டாளா?"

அபிராமத்துக்காரிக்குப் பனி தெரியும், ஐஸ் தெரியாது என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன மோட்டார் ஒன்று ராமநாதபுரத்திலிருந்து வந்தது. அதைச் சாந்தியின் ஓரத்தில் தொங்கவிட்டோம். வங்காள விரிகுடாவையே இங்கிருந்து கொதிக்கவைப்பதுபோல அது குமிழி விட்டது. மீன்கள் வேடிக்கை பார்க்க வந்தன. மீன்களைப் பார்த்துக் கொக்குகள் வந்தன, படகு முழுக்க எச்சம். அதோடு, பனி படாமல் இருக்க ஒரு பெரிய நீலத் தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி சாந்தியின் மேல் கட்டச் சொன்னார். கட்டினேன்.

முதல் வாடை அடித்த அன்று அந்தத் தார்ப்பாய்க் கூடாரம் பாய் விரித்ததுபோலக் காற்றைப் பிடித்துக்கொண்டது. ஆள் இல்லாத சாந்தி, கட்டிய இடத்திலேயே இடமும் வலமுமாக ஓடி ஓடித் திரும்பினாள், கட்டுத்தறியில் மிரண்ட மாடு மாதிரி. மதியத்துக்குள் தார்ப்பாய் நார்நாராகக் கிழிந்தது. கட்டியிருந்த கயிறு பாதி தேய்ந்திருந்தது. கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். "பனி பலமாத்தான் இருக்கு" என்றார். கிழிந்த தார்ப்பாயை நான் தூக்கிப் போடவில்லை. கை அகலத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கையேடு பிரியாணிப் பாத்திரத்துக்கு அடியில் போனது. நீரில் படகைக் காக்கும் முறையை நானே எங்கள் கடலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டேன். அதைத்தான் புதிய பெண்கள் கேட்டார்கள், சொல்கிறேன்.

காற்று பிடிக்கும் எதையும் மேலே வைக்காதே. பாய்களைக் கழற்றி மடித்துக் கரைக்குக் கொண்டுபோ. பாய்மரத்தில் தொங்கும் கயிறுகளை மரத்தைவிட்டு விலக்கிக் கட்டு, இல்லாவிட்டால் காற்றில் டக்டக்கென்று அடித்துக் கரையில் ஒருவரையும் தூங்கவிடாது, உன்னைத்தான் திட்டுவார்கள். படகின் அடியில் தண்ணீர் போகவர இருக்கும் வால்வுகளை மூடு. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மர ஆப்பைக் கட்டித் தொங்கவிடு. வால்வு உடையும் நேரத்தில் ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. படகைக் கடல் மூழ்கடிப்பதைவிட மழை மூழ்கடிப்பதே அதிகம், ஆகவே தளத்தில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளில் கொக்கின் இறகு அடைத்திருக்கிறதா என்று போகும்போதெல்லாம் விரலை விட்டுப் பார். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் தார்ப்பாய்த் துண்டைச் சுற்று. போகும்போதெல்லாம் ஒரு சாண் கயிற்றை விட்டுக் கட்டு. உரசும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் கயிறு ஒரே இடத்தில் தேயாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல். படகு நிற்பது தண்ணீரில் இல்லை, தரையில் கிடக்கும் கல்லில். தார்ப்பாய்க் கூத்துக்குப் பிறகு பழைய நங்கூரத்தை நம்ப எனக்கு மனமில்லை. "கிணத்து உறை போடலாம் சார்" என்றேன். சிமென்ட் உறை ஒன்றை நிறுத்தி, அதற்குள் பழைய இரும்பும் கான்கிரீட்டும் நிரப்பி, நடுவில் சங்கிலி வளையத்தைப் பதித்தால் அசைக்க முடியாத கல். வட்டமான விளிம்பு மணலில் புதைந்து பிடித்துக்கொள்ளும். உறை அபிராமத்திலிருந்து வந்தது. லாரியில் கூடவே என் அய்யாவும் வந்து இறங்கினார். மிளகாய்க் காட்டைத் தவிர வேறெதற்கும் நகராத மனிதர். கேப்டனைப் பார்த்து, "தண்ணியில்லாத ஊருன்னு கேலி பண்ணுனீகளாம்ல? கடலுக்குள்ளயே கெணறு எறக்குது பாருங்க எங்க புள்ள" என்றார். கேப்டன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் பார்த்தவரை அவர் காசில் டீ குடித்த ஒரே ஆள் என் அய்யாதான்.

அந்தக் கல்லுக்குச் சோதனை வந்தது அதே வாடைக்காலத்தில்தான்.

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தம் எங்களுக்கு வடக்கே கரையேறும் என்றார்கள். தென்கடல் குளமாகத்தானே இருக்கும் என்று எல்லோருக்கும் தைரியம். காலையில் வழக்கம்போல் தண்ணீர் இறைக்க என்னைச் சாந்தியில் இறக்கிவிட்டு கிளப்பின் சிறிய படகு திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாடை சட்டென்று நின்றது. காற்று மேற்கே சுற்றியது. அங்கேயும் நிற்காமல் தெற்கிலிருந்து வீசத் தொடங்கியது. குளமாகக் கிடந்த கடல் நேராக எங்கள் முகத்தில் அடித்தது. பின்னால் கரை, அதற்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக அலை உடையும் பார், தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு.

அந்தப் பக்கம் கட்டியிருந்த வள்ளங்களின் சின்ன நங்கூரங்கள் மணலை உழுதுகொண்டு இழுபட்டன. முதலில் வந்தது சேசு அண்ணனின் வள்ளம். தினமும் எனக்குக் கையாட்டிவிட்டுப் போகிறவர். என்ஜின் முக்க முக்க வந்து, கயிற்றைச் சாந்தியின் பின்பக்கம் எறிந்தார்.

"பிடி தங்கச்சி! ஓரமாக் கட்டிக்கிறேன்."

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. காற்றில் நங்கூரம் விட்டுப்போன வள்ளம், நிற்கிற எந்தப் படகோடும் கட்டிக்கொள்ளலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்டிய கயிற்றைக் காற்று அடங்கும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

"அண்ணே, இது ஒரு படகுக்குன்னு போட்ட கல்லு!"

"காத்துல என்னம்மா ஒனக்கு எனக்குன்னு? கட்டு, கட்டு!"

கட்டினேன். அவருக்குப் பின்னால் இன்னொரு வள்ளம் வந்து அவரோடு கட்டியது. அதன் வாலில் அடுத்தது. மொத்தம் ஐந்து வள்ளங்கள், ஒன்றின் பின் ஒன்றாக. கடைசி ஆளுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறேன் என்று சேசு அண்ணன் தன் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு வால் முனைக்குப் போய்விட்டார். ஆக, அலை உடையும் பாருக்கு மிக அருகே இருந்தது அவர்.

மேற்கே மணல் மேட்டில் ஒரு பனையும் அதற்குப் பின்னால் செல்போன் டவரும் ஒரே நேராகத் தெரிந்தன. அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பனை டவரைவிட்டு மெல்ல விலகியது. பனைக்குக் கால் முளைக்காது. கயிற்றில் கை வைத்தேன். கரகரவென்று ஒரு நடுக்கம் வந்தது. கல் நகர்கிறது.

போன் அடித்தது. கரையில் குடை மடங்கிப்போய், விசிலைக் கடித்தபடி கேப்டன் நிற்பது தெரிந்தது.

"செல்வி, வள்ளத்தை அறுத்து விடு! நம்ம பொறுப்பு சாந்தி."

"அறுத்தா அஞ்சு வள்ளமும் பார்ல போய்ச் செதறிரும் சார். ஆள் இருக்காங்க."

"இல்லாட்டி சாந்தியும் சேந்து போயிரும். நீயும்தான். இது ஆர்டர்!"

"சார், நீங்க கப்பல்ல குக்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அபிராமத்துக்குத் திரும்பினால் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்பதும் அந்தக் கண நேரத்தில் வரிசையாக வந்து போனது. வள்ளக் கயிற்றை அறுத்தால் வள்ளங்கள் போகும், அறுக்காவிட்டால் எல்லாமே போகும்.

பிறகு கேப்டன் குரல் வந்தது, கேப்டன் குரலாக இல்லாமல். "வந்து ஒக்காந்தவன் தட்டைப் பிடுங்கக் கூடாதுதான். என்ன பண்ணப் போற?"

"கல்லுக் கயித்த நீளமா விடப் போறேன்."

"கூறு கெட்டவளே, பின்னால கரை இருக்கு!"

"தெரியும் சார்."

கிணற்றுக்கு நேர் மேலே நின்று இழுத்தால் வாளி தூக்கிக்கொண்டு வரும். எட்ட நின்று சாய்வாக இழுத்தால் கயிறு சுவரில்தான் உரசும், வாளி கிடந்த இடத்தில் கிடக்கும். கல்லும் அப்படித்தான். கயிறு குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு அலையும் கல்லை மேலே தூக்குகிறது. கயிறு நீண்டால் இழுப்பு தரையோடு தரையாகப் போகும், உறையின் விளிம்பு மணலில் இறங்கும். விசைகளைப் பிரித்து முக்கோணம் போட்டுத் தேர்வில் எழுதியிருக்கிறேன். தேர்வில் பின்னால் பார் கிடையாது.

சாந்தியின் முன்மூக்கில் மீதிக் கயிறு வளையமாக இருந்தது. உரசும் இடத்தில் நீலத் தார்ப்பாய்த் துண்டுகளைச் சுற்றி, கட்டுக்கொம்பில் ஒரு சுற்று வைத்து, ஒவ்வொரு அலை தணியும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆறு படகுகளும் சேர்ந்து பாரை நோக்கிப் பின்வாங்கின.

"ஏலே, கயித்த விடுறாடா!" என்று நடு வள்ளத்தில் யாரோ கத்தினார்.

"தங்கச்சி!" சேசு அண்ணன் குரல். "முதுகுல அலை ஒடையுது! நான் சாமிகிட்டப் போகவா?"

"சாமிகிட்ட அப்புறம் போகலாம் அண்ணே! என்ஜினை மெல்ல முன்னால ஓட்டுங்க! யாரும் சும்மா வால்ல தொங்காதீங்க!"

அவர் என்னைத் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே என்ஜினைப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். கயிற்றின் கடைசி முழம் வரை விட்டுக் கட்டினேன்.

பனை இன்னும் விலகியிருந்தது. அது கயிறு விட்டதால் நாங்கள் பின்னால் வந்ததா, கல் இன்னும் நகர்வதா என்று சொல்ல முடியவில்லை. புதிய இடத்திலிருந்து பனைக்கும் டவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை விரலால் அளந்தேன். இரண்டு விரல். அலை வந்தது, போனது. இரண்டு விரல். கயிற்றில் கை வைத்தேன். நடுக்கம் இல்லை, வெறும் இறுக்கம். மழை வந்து டவரை மறைத்தது, விலகியது. இரண்டு விரல்.

அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே மாலை வரை உட்கார்ந்திருந்தேன். காற்று மறுபடி வடக்கே திரும்பியதும் சேசு அண்ணன்தான் முதலில் கயிற்றை அவிழ்த்தார். என் பக்கம் வந்து, "நல்ல கல்லு" என்றார். திட்டியதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

டாக்டர் போன் செய்தார். "டி.வி.யில காத்துன்னு சொல்றானே, சாந்தி எப்படியிருக்கா?"

வள்ளங்கள் வரிசையாகக் கட்டியிருந்தபோது எடுத்த போட்டோவை அனுப்பி, "அஞ்சு பிள்ளை சார். எல்லாரும் சுகம்" என்றேன். ஸ்பீக்கரில் கேட்டவர்கள் கைதட்டினார்களாம்.

கரைக்கு வந்ததும் கேப்டன் முன் நின்றேன். குக் என்று சொன்னதற்கு என்ன வரும் என்று காத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த கயிற்று நுனியை வாங்கினார். தார்ப்பாய் சுற்றியிருந்த இடத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கெடல" என்றார். பிறகு, "பனிக்கு வாங்குனது பனிக்குத்தான் ஒதவியிருக்கு" என்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளாத மனிதர்.

அதற்குப் பிறகு பல வாடைக்காலங்கள். கிளப்பின் நிர்வாகக் குழு கூடி, எங்கள் கற்களில் வெளியார் கட்டக்கூடாது என்று கரையில் ஒரு பலகை நட்டது. நட்ட மறுநாளே பலகைக் கம்பத்தில் ஒருவர் தன் சின்ன வத்தைப் படகைக் கட்டியிருந்தார். கம்பம் உறுதியானது என்று பாராட்டினார். அடுத்தடுத்து நான் இறக்கிய ஒவ்வொரு கல்லையும், குழுவிடம் ஒரு படகுக்கு என்று சொல்லி, ஆறு படகுக்குக் கணக்குப் பண்ணித்தான் இறக்கினேன். "உறை ஏன் இவ்வளவு பெருசு?" என்று குழு கேட்டபோது, "பனி ஜாஸ்தி" என்று பதில் சொன்னவர் கேப்டன்.

இப்போது கிரேன் வந்துவிட்டது. நல்ல கிரேன்தான், குறை சொல்லமாட்டேன். படகுகள் கரையில் பத்திரமாக இருக்கும். ஆனால் வள்ளங்களைக் கிரேன் தூக்காது. காற்று தெற்கே திரும்பும் நாளில் சேசு அண்ணன் எதில் கட்டுவார்? கிளப்பின் கற்களை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டதும், சால்வையை மடித்து வைத்துவிட்டு அய்யாவுக்குப் போன் போட்டேன். "எத்தனை உறை?" என்று மட்டும் கேட்டார்.

இனி சொந்தமாகக் கல் போட்டுப் படகு காக்கப் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னபோது, "சாந்திக்கு உயரம்னா பயம், கிரேன் வேண்டாம்" என்றார். படகைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர்தான் என் முதல் வாடிக்கையாளர்.

நேற்றுக் காலை தென்கடலில் என் சொந்தக் கல் இறங்கியது. இதுவரை போட்டதிலேயே பெரியது. பிளாஸ்டிக் நாற்காலியை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, கேப்டன் கரையில் உட்கார்ந்து பார்த்தார். மிதவையில் 'சாந்தி' என்று எழுதலாம் என்று பெயின்ட் எடுக்கக் கரைக்கு வந்தேன். திரும்பிப் போவதற்குள் சேசு அண்ணன் அதில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, சாப்பிடப் போயிருந்தார்.